ஈகையும் கடைசித் தெருவும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேரிடரில் வீடிழந்தோருக்குத் திருச்சபை மக்கள் ஆற்றிய தொண்டு பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் சமயச் சொற்பொழிவாளன் அல்லன். அரசுப் பள்ளியில் பாடம் சொல்லிப் பிழைப்பவன். நம் சங்கத்தில் கோயிலுக்குச் செல்வோரும் உளர். மாதா கோயிலுக்குச் செல்வோரும் உளர். எங்கும் செல்லாதோரும் உளர். ஆகவே எவருடைய சமயத்தையும் உயர்த்தவோ தாழ்த்தவோ நான் முற்படவில்லை. கண்ணால் கண்டதையும் படித்தறிந்ததையும் உங்கள் முன் வைத்து, அவற்றிலிருந்து நம் பிள்ளைகள் கற்கவேண்டியது யாது என்பதை மட்டும் சொல்ல விழைகிறேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு மறுநாள். சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை அன்று காலை நம் கரையைத் தாக்கியது. நகரத்தின் கடற்கரைச் சாலை பெரும்பாலும் தப்பியது. பிரெஞ்சியர் காலத்தில் கட்டப்பட்டு, பின்னரும் கருங்கற்களைக் கொட்டி வலுப்படுத்தப்பட்ட கடற்சுவர் அலையைத் தாங்கி நின்றது. அத்தகைய காவல் இல்லாத குப்பங்களுக்குள் கடல் புகுந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 உயிர்கள் போயின. அவற்றுள் பெரும்பாலானவை காரைக்காலைச் சேர்ந்தவை. அதனை அடுத்த நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். பெருநாளுக்கு வேளாங்கண்ணி சென்று கடற்கரையில் நின்ற நூற்றுக்கணக்கான யாத்திரிகர் வீடு திரும்பவில்லை.

அந்த நாட்களில் திருச்சபை மக்கள் செய்த பணியை நான் நேரில் கண்டேன். பெருநாளுக்குக் கட்டிய வண்ணக் காகிதங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த மண்டபங்களில் அழுகுரல் நிறைந்தது. பள்ளி வகுப்பறைகளில் பலகைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தார்கள். அன்பியக் குழுவினர் வீடு வீடாகச் சென்று அரிசியும் போர்வையும் திரட்டினார்கள். ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துப் பானையில் சேர்க்கும் பழக்கம் திருச்சபைப் பெண்களிடம் உண்டு. அந்தப் பிடி அரிசிப் பானைகள் அன்று ஒரே நாளில் காலியாயின. பிரிவினையின்போது அகதிகளாய் வந்தோருக்கு உதவ 1947இல் தொடங்கப்பட்ட காசா அமைப்பும், 1962இல் கத்தோலிக்க ஆயர்கள் நிறுவிய காரித்தாஸ் இந்தியாவும் உணவுப் பொட்டலத்தோடு நின்றுவிடாமல் வீடு கட்டும் பணி வரையில் உடன் இருந்தன.

இத்தொண்டு ஒரு சமயத்தாரின் தனிச்சொத்து அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார், திருமணத்திற்குச் சமைத்த விருந்தையே கடலோர மக்களுக்குப் பரிமாறி, பல நாட்கள் உணவளித்தனர். புகார் நகரைக் கடல் கொண்டதையும், காஞ்சியில் பசித்தோருக்கு ஒரு பெண் அமுதசுரபியால் சோறிட்டதையும் மணிமேகலை கூறுகிறது. கடல் அழித்ததும் கை அளித்ததும் இந்த மண்ணில் பழைய கதைதான்.

அன்பர்களே, இதுவரை சொன்னது பெருமை. இனிச் சொல்வது என் சிறுமை.

அலை வந்த பதினோராம் நாள். ஒரு மாதா கோயிலின் இளைஞர் குழு நகருக்குத் தெற்கே ஒரு குப்பத்திற்கு அரிசி, அடுப்பு, பாய், வாளி ஆகியவற்றை ஏற்றிச் சென்றது. நான் அப்போது இளம் ஆசிரியன். "வாத்தியார், பட்டியலை நீங்கள் எழுதுங்கள்" என்று என்னை அழைத்துச் சென்றனர். ஊர்ப் பஞ்சாயத்தார் பெயர்களைச் சொன்னார்கள், நான் எழுதினேன். நூற்று நாற்பது குடும்பங்கள். கையெழுத்து அழகாக இருந்தது. கணக்கும் சரியாக இருந்தது. பொருள்களைக் கொடுத்து முடித்து வண்டியில் ஏறும் நேரத்தில், சற்றுத் தொலைவில் நின்ற ஒரு மூதாட்டி என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"தம்பி, நீயும் நம்ம சனம்தான்னு சொன்னாங்க. கடலு எங்க தெருவுல யாரையும் கொண்டு போகல. அது ஒரு குத்தமா? பதினோரு நாளா மீன் கூடை தூக்க வேலை இல்ல. அடுப்பு எரியல."

அவர் காட்டிய திசையில் சவுக்குத் தோப்புக்கு அப்பால் ஒரு தெரு இருந்தது. முப்பத்தோரு வீடுகள். கரையில் இறங்கும் மீனைக் கூடையில் சுமந்து வண்டியில் ஏற்றுவோர், பனிக்கட்டி உடைப்போர், கருவாடு காய வைப்போர், கூலிக்கு வலை பின்னுவோர் ஆகியோரின் வீடுகள். அந்தத் தெருவில் பிறந்தவனைப் போன்ற ஒருவன்தான் பட்டியலை எழுதினான். அவனே அந்தத் தெரு எங்கே என்று கேட்கவில்லை. வேற்றார் மறந்திருந்தால் சினம் கொண்டிருப்பேன். மறந்தவன் நானாக இருந்தமையால் நாணினேன்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பட்டியல் தப்பு, சார். நாளைக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கென்று கட்டி வந்த சோற்றுப் பொட்டலங்களை அன்றிரவு அத்தெருவுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் அந்தப் பங்கின் பெண்கள் மீண்டும் தெருத்தெருவாக அரிசி திரட்டினார்கள். முப்பத்தோரு வீட்டுக்கும் நாங்கள் நடந்து சென்று, உள்ளே இருப்போரைக் கண்டு எழுதினோம்.

இது ஏன் நேர்ந்தது என்று பின்னர்ப் பலமுறை எண்ணிப் பார்த்தேன். படகை இழந்தவனுக்குப் படகு, வலையை இழந்தவனுக்கு வலை, உயிரை இழந்த வீட்டிற்கு இழப்பீடு என்று கணக்கு நடந்தது. இழப்பதற்குப் படகே இல்லாத கூலிக்காரன் எந்தக் கணக்கிலும் அகப்படவில்லை. மீனவ மக்களை நான் குறை கூறவில்லை. பிள்ளைகளைப் புதைத்த கையோடு நின்றவர்கள் அவர்கள். ஆயினும் ஊர் என்று சொன்னால் அதில் சேரி அடங்காது என்னும் பழைய வழக்கம், அலை வந்த நாளிலும் அழியவில்லை. நாகைப் பகுதி முகாம்களில் நம் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் உலக அமைப்பு 2005இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அதே நாகையில் அழுகிய உடல்களை இடிபாடுகளிலிருந்து எடுத்து அடக்கம் செய்தவர்கள், வேறு நகராட்சிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்கள் பெரும்பாலும் யார் என்பதை இந்த அவையில் நான் விளக்கத் தேவையில்லை. பிணம் எடுக்க முதல் வரிசையில் நின்றவர்களின் உறவினர், அரிசி பெறக் கடைசி வரிசையிலும் இடமின்றி நின்றனர்.

திருச்சபை மக்கள் இதனைக் கண்டு திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் அத்திருத்தமும் தானாக வந்துவிடாது, கேட்டால்தான் வரும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தோர் அறிவர். நம் நகரத்துச் சம்பா கோயிலில் அந்நாளில் நம் முன்னோரைப் பிரித்துவைக்க ஒரு சுவர் இருந்தது. 1745ஆம் ஆண்டு அக்டோபரில் நம் மக்கள் திரண்டு சென்று குருவானவரிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் உடனே எதிர்த்து எழுந்தார்கள் என்பதும், பிரித்துவைக்கும் வழக்கம் வேறு உருவங்களில் தொடர்ந்தது என்பதும் வரலாறு. கடலைத் தடுத்த சுவர் நகரத்தைக் காத்தது. மனிதரைத் தடுத்த சுவர் எவரையும் காக்கவில்லை. அதனை இடிக்கச் செய்தது முன்னோரின் முறையீடு. தோப்புக்கு அப்பாலிருந்து வந்து கைகாட்டிய அந்த மூதாட்டி, அவர்களுடைய வழித்தோன்றலே.

கொடுப்பதில் முறை உண்டு என்பதற்கு இன்னும் இரண்டு சான்றுகள் சொல்கிறேன்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது, ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜான் கிளஃப் என்பவர் பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தூரம் வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே எடுத்தார். நம் மரக்காணம் வரையில் வரும் அதே கால்வாய்தான். பசியோடு வந்த மாதிகர் முதலிய ஏழை மக்களுக்கு அவர் வேலை கொடுத்து, கூலியும் கொடுத்தார். பஞ்ச நிவாரணம் நடந்துகொண்டிருந்த வரையில் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். பசியைக் காட்டி மனத்தை வாங்கலாகாது என்பது அவர் கொள்கை. சோற்றுக்கு விலையாக எதையும் கேளாதவன்தான் கொடுத்தவன்.

மற்றொன்று, 1833இல் பாரீசு நகரில் பிரடெரிக் ஒசானாம் என்னும் இருபது வயது மாணவர், தோழர்கள் சிலரோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை. இன்றும் நம் பங்குகளில் அது இயங்குகிறது. ஏழையைத் தன் வாயிலுக்கு வரவழைத்து வரிசையில் நிறுத்துவது அதன் வழக்கம் அன்று. உறுப்பினர் இருவர் இருவராக ஏழையின் வீட்டிற்கே செல்வர். வீட்டிற்குச் சென்றவனுக்குத்தான் அடுப்பு எரியவில்லை என்பது தெரியும். இளைஞர்களே, அந்தச் சபையைத் தொடங்கியவர்கள் உங்கள் வயதினர் என்பதைக் கவனியுங்கள்.

"நாமே இல்லாதவர்கள், நாம் என்ன கொடுக்க முடியும்?" என்று சிலர் கேட்கக்கூடும். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு இட்ட கைம்பெண்ணின் கதையைக் கிறிஸ்தவர்கள் அறிவர். எனக்கு அதைவிட அருகில் ஒரு சான்று உண்டு. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தோர் 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார்கள். நம் ஊருக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டிலும் அம்மக்களின் முகாம் உண்டு. 2004இல் ஆழிப்பேரலை அடித்தபோது, முகாம்களில் சிறு அறைகளில் வாழ்ந்த அந்த ஏதிலியரிலிருந்து தொண்டர்கள் புறப்பட்டு நம் கடலோர மக்களுக்குப் பணியாற்றினார்கள். சொந்த வீடு இல்லாதவர்கள் வீடிழந்தவர்களுக்கு உதவினார்கள். இதற்குமேல் நாம் சாக்குச் சொல்ல இயலுமா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் அருகே கரை கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மக்களை மீட்க இராணுவமே வந்தது. அந்த வெள்ளத்தில் நம் சங்கத்தின் மாலை வகுப்புப் பிள்ளைகள் ஒரு பங்கு இளைஞர் குழுவோடு சேர்ந்து பணியாற்றினார்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஈரமான கணக்கு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாய்க்கால் கரையின் கடைசிக் குடிசையிலிருந்து எழுதத் தொடங்கினாள். "ஏனம்மா அங்கிருந்து?" என்று கேட்டேன். "முன்னாலே இருக்கிறவங்களை எல்லாரும் எழுதுவாங்க, ஐயா" என்றாள். இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரியாததை அவள் அறிந்திருந்தாள்.

ஆகவே இளைஞர்களுக்கு நான் வேண்டுவது இது. இனி ஓர் இடர் வருங்கால், எந்தச் சமயத்தார் தொண்டுக்கு அழைத்தாலும் தயங்காமல் செல்லுங்கள். ஊர்த்தலைவர் சொல்லும் பெயர்களோடு நிறுத்தாமல், நடந்து சென்று வீடு வீடாக எழுதுங்கள். குடும்ப அட்டை இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர், தனித்து வாழும் பெண்கள், படுக்கையில் கிடக்கும் முதியோர் ஆகியோரை முதலில் எழுதுங்கள். வேண்டியதைக் கேட்டறிந்து கொடுங்கள். 2004இல் நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்ட பழந்துணிகள் சாலையோரம் குவிந்து மழையில் மக்கியதை நான் கண்டேன். வரவு செலவை எல்லோரும் காணும் பலகையில் எழுதி வையுங்கள். பத்து நாளில் திரும்பிவிடாதீர்கள். நனைந்த சான்றிதழுக்கு மறுபடி பெறவும், பிள்ளை பள்ளிக்குத் திரும்பவும் மாதங்கள் ஆகும். வாங்க வருவோரின் சாதியையும் சமயத்தையும் கேளாதீர்கள். ஆனால் சாதியால் எவரேனும் விடுபட்டிருக்கிறாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் சங்கம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்று பெரியோர்கள் விளக்கினார்கள். பட்டம் பெறுவதற்கு, பணியில் அமர்வதற்கு என்றார்கள், உண்மையே. அவற்றோடு, பட்டியல் எழுதும் பேனா நம் கைக்கும் வரவேண்டும் என்பதற்காகவும் தொடங்கப்பட்டது என்று நான் நம்புகிறேன். பேனா கைக்கு வந்தால் மட்டும் போதாது. என் கையில் அது இருந்த நாளில்தான் முப்பத்தோரு வீடுகள் விடுபட்டன. அதனைப் பிடித்தவனின் கால்கள் கடைசித் தெரு வரையில் நடக்கவேண்டும். அந்த நடையை நம் பிள்ளைகள் கற்றுவருகிறார்கள் என்பதே இந்த வெள்ளி விழாவில் நான் காணும் நிறைவு.