திருத்தம் உண்டா? – மல்யுத்தப் பாட்காஸ்ட்டும் நம் ஊர்க் கதைகளும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரல் முடிந்த பிறகு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன். மல்யுத்தத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர், "போன தடவை பராமரிப்புக் கட்டணம் உயர்த்தினோமே, அதைப் பற்றியா சார்?" என்று கேட்டார். இல்லை. இது டிவியில் வரும் மல்யுத்தம்.

இந்த அறையில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கிறது. மூத்தவர்களுக்கு மல்யுத்தம் என்றால் தாராசிங், கிங்காங். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப் சீட்டுக்கட்டு. உயரம், எடை, மார்பளவு, ஜெயித்த சண்டை என்று சொல்லிச் சொல்லிச் சீட்டைப் பிடுங்கிக்கொள்வோமே, அதுதான். இன்றைய பிள்ளைகளுக்கு எல்லாமே செல்போனில்.

அந்த செல்போனில் இப்போது மல்யுத்தப் பாட்காஸ்ட்டுகள் ஏராளமாக வருகின்றன. பாட்காஸ்ட் என்பது வானொலிப் பேச்சு மாதிரிதான். நமக்கு வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். பழைய வீரர்களும் நிர்வாகிகளும் முப்பது வருடத்துக்கு முந்தைய சண்டைகளைப் பற்றி இரண்டு மூன்று மணி நேரம் பேசுகிறார்கள். புரூஸ் பிரிச்சர்ட் என்று ஒருவர். அண்டர்டேக்கர் 1990-ல் முதன்முதலாக வந்தபோது அவருக்கு மேனேஜராக நடித்தவர். 2016-ல் கான்ராட் தாம்சனோடு சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தார். அவர் நினைவிலிருந்து பேசுவார். தாம்சன் அந்தக் காலத்துச் செய்தி மடலை வைத்துக்கொண்டு, "அப்போது இப்படி எழுதியிருக்கிறார்களே" என்று மடக்குவார். பாதி சுவாரஸ்யம் அதில்தான்.

மீதிப் பாதி கேட்பவர்களிடம் இருக்கிறது. தேதி தவறினால், ஊர் மாறினால், யார் யாரைத் தோற்கடித்தார்கள் என்பது புரண்டால், உடனே யாராவது எழுதிவிடுவார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. ஆனாலும் விடமாட்டார்கள். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று யோசித்தபோதுதான் இதை இங்கே பேசலாம் என்று தோன்றியது.

ஒரு உதாரணம். 1987 மார்ச் 29. அமெரிக்காவின் பாண்டியாக் நகரத்து அரங்கில் மூன்றாவது ரெஸில்மேனியா. ஹல்க் ஹோகனும் ஆண்ட்ரே தி ஜெயண்ட்டும் மோதினார்கள். 93,173 பேர் வந்தார்கள் என்று கம்பெனி அறிவித்தது. டேவ் மெல்ட்சர் என்ற பத்திரிகையாளர், வந்தது சுமார் 78,000 பேர்தான் என்று எழுதினார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஆண்ட்ரேயை யாருமே தூக்கிப் போட்டதில்லை, ஹோகன்தான் முதலில் தூக்கிப் போட்டார் என்றும் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. 1980 ஆகஸ்டிலேயே நியூயார்க் ஷே மைதானத்தில் இதே ஹோகன் இதே ஆண்ட்ரேயைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அந்தச் சண்டைக்குப் பிறகு கொஞ்ச நாளில் ஆண்ட்ரே இறந்துவிட்டார் என்று ஹோகனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆண்ட்ரே இறந்தது 1993 ஜனவரியில். கிட்டத்தட்ட ஆறு வருட வித்தியாசம். எதிரே நின்று சண்டை போட்டவர் சொன்னதைத் திருத்தியவர், வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்த ரசிகர்.

"கிரிக்கெட்டில் இந்த வம்பு இல்லையே?" என்று கேட்பீர்கள். கிரிக்கெட்டில் ஸ்கோரர் இருக்கிறார். பந்துக்குப் பந்து எழுதி வைக்கிறார். மல்யுத்தத்தில் முடிவே முன்கூட்டிப் பேசி வைத்தது. அதை வெளியே சொல்லாமல் நிஜம்போலவே நடந்துகொள்வதற்கு அவர்கள் தொழிலில் 'கேஃபேப்' என்று பெயர். ஜப்பான் வீரர் என்று நாம் பார்த்த யோகோசுனா, சமோவா வம்சாவளியில் வந்த அமெரிக்கர். சீட்டுக்கட்டில் இருந்த உயரமும் எடையும் விளம்பரக் கணக்கு. 1989-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டுகளுக்கான கட்டுப்பாடு தங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, "நாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு" என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது.

நடத்துகிறவர்களே கூட்டிச் சொல்லும் இடத்தில் உண்மையான பதிவேடு யாரிடம் இருக்கும்? டிக்கெட் அடிக்கட்டையைப் பத்திரப்படுத்தியவரிடம். பழைய நாளிதழை வெட்டி ஒட்டியவரிடம். அதனால்தான் அவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். அவர்களும் விட்டுவிட்டால் விளம்பரத்தில் சொன்னதே வரலாறாகிவிடும்.

நம் பக்கத்துக்கு வருவோம். அண்டர்டேக்கர் செத்துவிட்டார், அவருக்கு ஏழு உயிர் என்று ஒரு வதந்தி உண்டு. கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்… நாற்பது வயதுக்காரர்கள் எல்லாரும் தூக்கிவிட்டீர்கள்! வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் அது எப்படி ஊர் ஊராகப் பரவியது என்பதே ஆச்சரியம். ஆனால் அதற்குள் ஒரு துளி உண்மை இருந்தது. 1994 ஜனவரியில் யோகோசுனாவோடு நடந்த சவப்பெட்டிச் சண்டையில் அண்டர்டேக்கர் தோற்று, ஆவி மேலே போவதுபோலக் காட்டினார்கள். பல மாதம் அவர் வரவில்லை. அப்புறம் அண்டர்டேக்கர் வேஷத்தில் வேறொருவர் வந்தார். அவர் பெயர் பிரையன் லீ. அந்த ஆகஸ்டில் நிஜ அண்டர்டேக்கரும் போலியும் மோதினார்கள். "இது அந்த ஆள் இல்லைடா" என்று அன்றைக்குச் சொன்ன பையன் சரியாகத்தான் சொன்னான். ஏழு உயிர் என்றவனையும் முழுப் பொய்யன் என்று தள்ளிவிட முடியாது. ஒருவர் தப்பாகச் சொல்லும்போது அதற்குள் எது சரி என்று தேடுவதும் திருத்துகிறவரின் வேலை. அண்டர்டேக்கர் வேஷம் போட்ட மார்க் காலவே இன்று உயிரோடு இருக்கிறார். அவரே ஒரு பாட்காஸ்ட்டும் நடத்தினார்.

மூத்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் காலத்துக்கும் வருகிறேன். கிங்காங்கின் இயற்பெயர் எமில் ட்சாயா. ஹங்கேரியர். 1970-ல் சிங்கப்பூரில் காலமானார். 1962-ல் 'கிங்காங்' என்று ஒரு இந்திப் படம் வந்தது, தாராசிங்தான் கதாநாயகன். கொட்டகையில் பார்த்ததும் மைதானத்தில் பார்த்ததும் அறுபது வருடத்தில் ஒன்றாகக் கலந்துவிடுவது இயற்கை. நம் எல்லாருடைய ஞாபகமும் அப்படித்தான் வேலை செய்கிறது. இரண்டு நாளை ஒரே நாளாக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததை நாமே பார்த்ததாகச் சேர்த்துக்கொள்ளும். பத்துத் தடவை சொன்ன கதை பதினோராவது தடவை இன்னும் மெருகேறும்.

இப்போது நெய்வேலிக்கு வருகிறேன். நிறுவனம் பதிவானது 1956 நவம்பரில். நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தது 1957 மே 20. பழுப்பு நிலக்கரி முதலில் வெளிப்பட்டது 1961-ல். முதல் மின் உற்பத்தி 1962-ல். நான்கும் தனித்தனி நாட்கள். ஆனால் டீக்கடையில் கேட்டால், நேரு வந்த அன்றைக்கே நிலக்கரி வெட்டி, அன்றைக்கே விளக்கு எரிந்த மாதிரி ஒரு கதை கிடைக்கும். இதற்காவது காகிதம் இருக்கிறது, சரிபார்த்துவிடலாம்.

காகிதம் இல்லாதவையும் இருக்கின்றன. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த ஊர்கள். அந்த ஊரின் ஏரி எந்தப் பக்கம், அய்யனார் கோவில் எங்கே இருந்தது, எந்தத் தெரு முதலில் காலியானது? போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் அங்கே ஊரே இல்லை, பள்ளம்தான் இருக்கிறது. அந்த ஊர் இன்று சிலருடைய ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது. நம் குடியிருப்பிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் தலைமுறைத் தொழிலாளிகளும் இருக்கிறார்கள்.

பேரப்பிள்ளைகள் சிலர் தாத்தா பாட்டி பேசுவதைச் செல்போனில் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். ரொம்ப நல்ல காரியம். ஆனால் அதில் ஒரு தவறு இருந்து, இன்றைக்கு யாரும் திருத்தவில்லை என்றால், இருபது வருடம் கழித்துத் திருத்த ஆளே இருக்கமாட்டார்கள். மல்யுத்த ரசிகருக்கு பழைய வீடியோவாவது இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். திருத்துகிறவர் தொல்லையாகவும் ஆகலாம். ஒரு பெரியவர் பத்து நிமிடம் பேசுவதற்குள் ஐந்து தடவை குறுக்கே விழுந்தால், "எல்லாம் உனக்குத்தான் தெரியுமே, நீயே சொல்" என்று எழுந்து போய்விடுவார். தேதியைக் காப்பாற்றினோம், ஆளை விட்டுவிட்டோம். தேதி புத்தகத்திலும் கிடைக்கும். முதல் நாள் சுரங்கத்துக்குள் இறங்கும்போது வயிற்றைப் பிசைந்தது அவரிடம் மட்டும்தான் கிடைக்கும்.

அதனால் சில பழக்கங்களைச் சொல்கிறேன். நல்ல திருத்தக்காரர்களிடம் நான் பார்த்தவை.

ஒன்று, பேசி முடிக்கும் வரை காத்திருங்கள். இரண்டு, "தப்பு" என்று மட்டும் சொல்லாமல், சரியானது எது, எப்படித் தெரியும் என்பதையும் சொல்லுங்கள். பழைய போட்டோ, பணி ஆணை, கல்யாணப் பத்திரிகை, ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள். மூன்று, முதலில் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். குழுவில் நூறு பேர் முன்னால் வேண்டாம். நான்கு, கருத்தைத் திருத்தப் போகாதீர்கள். "அந்தக் காலம்தான் நல்ல காலம்" என்பது தகவல் இல்லை, அவருடைய மனசு. ஐந்து, உங்கள் திருத்தத்தையும் ஒருவர் திருத்தலாம், இடம் விடுங்கள். ஆறு, பழைய பேச்சை அழிக்காதீர்கள். திருத்தத்தைப் பக்கத்தில் சேருங்கள். அவர் எப்படி நினைவில் வைத்திருந்தார் என்பதும் ஒரு தகவல்தான்.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலையாக என்ன செய்கிறோம்? போன கூட்டத்தின் குறிப்பைச் செயலாளர் வாசிக்கிறார். "திருத்தம் உண்டா?" என்று தலைவர் கேட்கிறார். பாதிப் பேர் அந்த நேரத்தில் செல்போன் பார்ப்போம், அது வேறு விஷயம். தண்ணீர் மோட்டாருக்கு எவ்வளவு செலவானது என்பதைச் சரிபார்க்க ஒரு முறை வைத்திருக்கிறோம். நம் பெரியவர்களின் வாழ்க்கைக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

என் வேண்டுகோள் இதுதான். மாதம் ஒருவரை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசச் சொல்வோம். பிள்ளைகள் பதிவு செய்யட்டும். அடுத்த மாதம் எல்லாரும் சேர்ந்து கேட்போம். கேட்டு முடித்ததும் தலைவர் அதே கேள்வியைக் கேட்கட்டும். யாரிடம் என்ன காகிதம் இருக்கிறதோ எடுத்து வரட்டும்.

முதலில் பேசச் சம்மதிக்கும் பெரியவர்களின் பெயர்களை இன்றைக்கே செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போனால் நல்லது. காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இதில் திருத்தம் இருந்தாலும் சொல்லலாம்.