மந்தையின் அளவும் ஈற்றின் கணக்கும்

(ஸ்ரீமுஷ்ணத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பூமிப்பிராட்டியைத் தாங்கிய பூவராகப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் இத்திருப்பதியில், மண்ணையும் புல்லையும் மாட்டையும் நம்பி வாழ்ந்துவரும் ஆயர் குலத்தினராகிய நாம் ஒருங்கு கூடியிருப்பது பெரிதும் பொருத்தமுடையதாம். இன்று பேசுவதற்காக நமக்குக் குறிக்கப்பட்ட விஷயம், "மாடு வளர்த்தல் லாபமா, நஷ்டமா?" என்பது. தமிழில் மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. ஆயினும், இன்று நம்மவருள் ஒரு சாரார், "மாட்டை விற்றுக் கடனை அடைத்தோம்" என்கின்றனர். மற்றொரு சாரார், "கடன் வாங்கிப் பத்துப் பசுக் கட்டப் போகின்றோம்" என்கின்றனர். இரு திறத்தாரும் கேட்பது ஒரே கேள்வி. எத்தனை மாடு இருந்தால் இத்தொழில் கட்டுப்படியாகும்?

இதற்கு நமது விடையை முதலிலேயே கூறிவிடுகின்றோம். தொழுவத்தில் நிற்கும் தலைகளை எண்ணுமுன், ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே கழியும் நாட்களை எண்ணுதல் வேண்டும். லாபமும் நஷ்டமும் அந்நாட்களிலேயே அடங்கியுள்ளன.

பெரும் மந்தை லாபம் தரும் இடங்களும் உலகில் இல்லாமற் போகவில்லை. அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் ஆயிரக்கணக்கான மாடுகளைப் பரந்த புல்வெளிகளில் விட்டு, இறைச்சிக்காக வளர்க்கின்றனர். நம் நாட்டிலேயே காங்கேயம் பகுதியில் கொறங்காடு என்னும் மேய்ச்சற் காடுகள் உண்டு. கிளுவை வேலியிட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, அக்காட்டிலேயே காங்கேய மாடுகளைப் பேணிவந்தனர். மதுரை, சிவகங்கைப் பக்கங்களில் புலிக்குளம் மாடுகளை நூற்றுக்கணக்கில் ஓட்டிச் சென்று, அறுவடையான வயல்களில் கிடை கட்டுவர். சாணமும் கோமியமும் நிலத்துக்கு எருவாக, கிடைக்கூலி மாட்டுக்காரருக்கு வரவாகும். இவை யாவற்றிற்கும் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு. அங்கே தீவனம் பெரும்பாலும் நிலத்தில் தானே விளைவது. மாடு நடந்து சென்று மேய்வது. ஆகவேதான் தலை பெருகினும் செலவு அவ்வளவாகப் பெருகுவதில்லை.

நம் பக்கத்து நிலைமை வேறு. வடக்கே வெள்ளாறும், தென்கிழக்கே காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணப் பாசனமும் இருப்பினும், இடையிலுள்ள நம் மேட்டுநிலங்களிற் பல வானம் பார்த்தவை. மேய்ச்சற் புறம்போக்குகள் குறுகிவிட்டன. வைக்கோலும் புண்ணாக்கும் தவிடும் காசு கொடுத்து வாங்குபவையாயின. காசு கொடுத்துத் தீனி வாங்குமிடத்தில், ஒவ்வொரு தலையும் தினந்தோறும் கூலி கேட்கும் ஆள் போன்றதே. அது வேலை செய்யும் நாளும் உண்டு. வெறுமனே உண்டு நிற்கும் நாளும் உண்டு.

இனிக் கணக்கிற்கு வருவோம். 2022 நவம்பரில் கூட்டுறவுச் சங்கங்களின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய் ஆக்கப்பெற்றது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. ஆதலின் கணக்கிற்காக 38 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கலப்பினப் பசு 300 நாள் சராசரி 10 லிட்டர் கறக்கின்றது என்க. நாள் வரவு 380 ரூபாய். உடல் நிலைக்க ஒன்றரைக் கிலோவும், இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதமும் கூட்டினால் அடர்தீவனம் ஐந்தரைக் கிலோ. கிலோ 28 ரூபாய் வீதம் 154 ரூபாய். வைக்கோலும் பசும்புல்லும் 60 ரூபாய் என்றால், மொத்தம் 214 ரூபாய். 300 நாளில் வரவு 1,14,000. தீனிச் செலவு 64,200. மிச்சம் 49,800 ரூபாய். பால் வற்றிய நாட்களுக்குத் தீனி நாளொன்றுக்கு 100 ரூபாய் எனக் கொள்வோம்.

இப்பசு 13 மாதத்திற்கொருமுறை, அதாவது 395 நாளுக்கொருமுறை ஈன்றால், வற்றுநாள் 95. அதன் செலவு 9,500 போக நிற்பது 40,300 ரூபாய். நாளொன்றுக்கு ஏறக்குறைய 102 ரூபாய் ஆகின்றது. அதே பசு 18 மாதத்திற்கொருமுறை, 545 நாளுக்கொருமுறை ஈன்றால், வற்றுநாள் 245; அதன் செலவு 24,500 போக நிற்பது 25,300 ரூபாயே. நாளொன்றுக்கு 46 ரூபாய்தான் தேறும். அங்ஙனமாயின், ஒழுங்காக ஈனும் ஐந்து பசுக்கள் நாளொன்றுக்கு 510 ரூபாய் தர, தவறித் தவறி ஈனும் பத்துப் பசுக்கள் 460 ரூபாயே தருகின்றன! இதில் மருந்து, கடன் வட்டி, ஆள் கூலி எதனையும் நாம் கழிக்கவில்லை. அவற்றைக் கழித்தால் பத்துப் பசுக்காரர் நிலைமை என்னாகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். அவரவர் விலையை இட்டு அவரவர் வீட்டில் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகின்றோம்.

மேல்நாட்டுப் பெரும் பண்ணையாரும் இவ்வுண்மையையே அளவுகோலாகக் கொண்டுள்ளனர். நூறு பசுவுக்கு எத்தனை கன்று பிழைத்துப் பால் மறந்தது என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

நிற்க, ஈற்று ஏன் தள்ளிப்போகின்றது? பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். எருமைக்குச் சுமார் 310 நாள். இதனை நாம் மாற்ற இயலாது. நம் கையில் உள்ளது, ஈன்றது முதல் மீண்டும் சினை பிடிப்பது வரையுள்ள காலமே. ஈன்று இரண்டு மூன்று மாதத்திற்குள் வரும் பருவத்தில் சினைப்படுத்தல் நலம். பருவம் 21 நாளுக்கொருமுறை வருவது. வந்தால் ஒரு நாளுக்கு மேல் நில்லாதது. கத்துதல், பால் சற்றுக் குறைதல், பிற மாட்டின்மேல் தாவுதல், கண்ணாடி போன்ற வழும்பு வடிதல் ஆகியவை அதன் அடையாளங்கள். காலையிற் கண்டால் அன்று மாலையும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையும் சினை ஊசி இடுவித்தல் வேண்டும். ஒருமுறை கவனியாது விட்டால் 21 நாள் வீண். மேற்கண்ட கணக்குப்படி 2,100 ரூபாய்த் தீனி வீண். எருமை ஓசையின்றிப் பருவம் காட்டுவதாதலின் அதனை இன்னும் கூர்ந்து நோக்கவேண்டும். தாது உப்பும் பசும்புல்லும் குறைந்த மாட்டிற்குப் பருவமே தெரியாது போவதும் உண்டு. ஊசியிட்ட மூன்றாம் மாதத்திற்குள் மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்துகொள்ளுதல் அவசியம். "சினையாய்த்தான் இருக்கும்" என்று ஆறு மாதம் நம்பியிருந்து ஏமாந்த வீடுகள் நம்மில் எத்தனை!

ஈனுமுன் இரண்டு மாதம் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். கன்று விழுந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டவேண்டும். "நஞ்சுக்கொடி விழுந்த பிறகே ஊட்டலாம்" என்று காத்திருக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். பிறந்த கன்றுக்கு நோயெதிர்க்கும் வலிமை அச்சீம்பாலாலேயே கிடைக்கின்றது. நேரங்கழியக் கழிய அதனை ஏற்கும் திறன் கன்றின் குடலுக்குக் குறைந்துவிடும். இன்றைய கிடேரிக்கன்றே மூன்றாண்டில் நமது அடுத்த பசு. அதனை இழந்தவர் பின்னர்ச் சந்தையில் பெருவிலை கொடுத்து வாங்குகின்றார்.

நோய்த் தடுப்பிலும் அசட்டை கூடாது. நம் முன்னோர் மந்தைகளை அழித்த வெக்கை நோய், தடுப்பூசியின் பயனாக 2011-ஆம் ஆண்டில் உலகத்தினின்றே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பெற்றது. கோமாரிக்கு எதிராக 2019 முதல் தேசம் முழுவதும் தடுப்பூசித் திட்டம் நடைபெற்று வருகின்றது. ஊசி போட வருவோர் தெருவில் நிற்க, மாட்டைக் காட்டுக்கு ஓட்டிவிடுதல் அறிவுடைமையாகாது.

அங்ஙனமாயின் எத்தனை மாடு வைப்பது? புல் இருக்குமளவே மாடு வைத்தல் நன்று. நீர் இறைக்க வசதியுள்ள நிலத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இட்டால், பசு ஒன்றுக்குப் பத்து சென்டு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வரப்பிலும் வேலியோரத்திலும் அகத்தி, சவுண்டல், வேலிமசால் வைத்துக்கொள்ளலாம். முப்பது சென்டுக்குப் புல்லுடையார் மூன்று பசுவோடு நிற்க. முதலில் இரண்டு பசு. அவை இரண்டும் 13, 14 மாதத்தில் மறு ஈற்றுக் கண்டபின் மூன்றாவது. இம்முறையிற் பெருகும் மந்தை நிலைத்து நிற்கும். கடன் தவணை மாதந்தோறும் வரும். பசு மாதந்தோறும் ஈனாது. பத்துப் பசுவை ஒரே நாளில் வாங்கினால், பத்தும் ஒரே காலத்தில் வற்றும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1998 முதல் உலகிலேயே அதிகப் பால் தரும் நாடாக இந்தியா விளங்குவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாடு கட்டிய சிறு வீடுகளாலேயாம். ஆதலின் சிறு மந்தை வைத்திருப்பதில் யாதொரு தாழ்வும் இல்லை.

இறுதியாகத் தாய்மார்களைக் குறித்து ஒரு வார்த்தை. விடியுமுன் எழுந்து சாணம் அள்ளி, புல் அறுத்து, பால் கறந்து, மாட்டின் பருவத்தை முதலிற் கண்டறிவோர் நம் வீட்டுப் பெண்களே. ஆனால் அவர்களுடைய உழைப்பு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. மேலே கண்ட 102 ரூபாய் உண்மையில் பெரிதும் அவர்களது கூலியே. அக்கூலியும் மிஞ்சாத மாட்டை, பெருமைக்காக அவர்கள் தலையிற் கட்டிவைத்தல் அறமாகாது. மாடு வாங்குவதையும் விற்பதையும் அவர்களைக் கேட்டே செய்தல் முறை.

நமது சங்கத்தார்க்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, வீட்டுக்கொரு ஈற்றுக் குறிப்பேடு வழங்குக. ஈன்ற நாள், பருவங்கண்ட நாள், ஊசியிட்ட நாள், சினை உறுதியான நாள் என்ற நான்கு கட்டங்கள் அதில் இருந்தாற் போதும். மற்றொன்று, எஞ்சியுள்ள மேய்ச்சற் புறம்போக்குகளைக் காப்பாற்ற ஊர்தோறும் முயலுக. அடுத்த ஆண்டு நாம் மீண்டும் கூடும்போது, "உங்களிடம் எத்தனை மாடு?" என்று ஒருவரையொருவர் வினவுவதற்கு மாறாக, "உங்கள் பசு எத்தனை மாதத்தில் மறு ஈற்றுக் கண்டது?" என்று வினவுவோமாயின், இக்கூட்டம் பயனுடையதாயிற்று என்று மகிழ்வோம்.