சுருக்குப் பையில் இருக்கும் புகையிலை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



புகையிலை என்றதும் ஆம்பளைங்க பிடிக்கிற பீடி, சிகரெட்தான் நமக்கு ஞாபகம் வரும். இன்று நம்ம சுருக்குப் பையைப் பற்றிப் பேசுவோம். கோவளம், தேவனேரி, சதுரங்கப்பட்டினம் கரையில் படகு வரும்வரை ஒரு வாய். திருக்கழுக்குன்றம் பக்கம் நாற்று நட இறங்கும் முன்னே ஒரு வாய். போட்டால் பசி தெரியாது என்கிறோம். உண்மைதான், அது நிகோடின் செய்கிற வேலை. அதே நிகோடின்தான் ரத்த அழுத்தத்தை ஏற்றுது, நாளைக்கும் கேட்க வைக்குது. கர்ப்பிணி போட்டால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும்.

கன்னத்தில் எங்கே அடக்கி வைக்கிறோமோ அங்கேதான் கெடுதல் ஆரம்பிக்கும். சுண்ணாம்பு தோலை அரிக்கும், பாக்கு கன்னத்தை இறுக்கும். போகப்போக வாய் சரியாகத் திறக்காது, காரம் பட்டால் எரியும். "புகையிலையை விட்டாச்சு, வெறும் பாக்குதான்" என்கிற அக்காமார்களும் கேளுங்க. பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது.

இதில் மோசம் என்னவென்றால், ஆரம்பத்தில் வலிக்காது. வலி இல்லையே என்று நாமும் இருந்துவிடுகிறோம். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் உடனே காட்ட வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், பெரிய மிஷின் எதுவும் இல்லை. புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் வெளியிட்டார்கள். நாமும் குழுக் கூட்டத்தன்று டார்ச் அடித்து ஒருவருக்கொருவர் பார்க்கலாமே! கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கின் அடி எல்லாம் பாருங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் என்றால் மாதம் 300 ரூபாய். குழுவில் 50 ரூபாய் சேமிப்புக்கு எத்தனை சாக்கு சொல்கிறோம்!

விட்ட முதல் சில நாள் தலைவலி, எரிச்சல் வரும், பிறகு குறையும். கை தேடும்போது சோம்பு மெல்லுங்கள், தண்ணீர் குடியுங்கள். விட உதவி கேட்க 1800-11-2356, காசில்லாத நம்பர். புண் இருந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகலாம். காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.