கவிதைப் புத்தகமும் சிறு பிரசுரமும்

(ஆரணிக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



கவிதைப் புத்தகம் விலை போகாது, ஆகையால் அதற்கென்று தனிப் பிரசுரம் வைப்பது வீண் வேலை என்பதாகப் பலர் சொல்லுகிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டு நாம் சும்மா இருப்பதற்கில்லை. 1938-ல் 'பாரதிதாசன் கவிதைகள்' முதல் தொகுதியை வெளியிட்டது எந்தப் பெரிய கம்பெனி? தோழர் குஞ்சிதம் குருசாமி அம்மையார் வெளியிட்டார். கடலூர் நாராயணசாமி அவர்கள் பணம் உதவினார். புத்தகம் அச்சாகும் முன்பே ஒருவர் பணத்தை எடுத்து வைத்தாரே, அதுதான் இங்கு கவனிக்கவேண்டிய சங்கதி.

அக்காலத்தில் ஏன் அவ்வளவு பணம் வேண்டியிருந்தது? ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பாவு பிணைக்கும் வேலை ஒரு சேலைக்கும் ஒன்றுதான், நாலு சேலைக்கும் ஒன்றுதான். அதுபோல ஈய எழுத்தைக் கோத்து அடுக்கும் கூலி பத்துப் பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றே. ஆகவே ஆயிரம் அடித்தே தீரவேண்டும், விற்காதது கரையானுக்கு. இன்றோ கம்ப்யூட்டர் அச்சில் ஐம்பது பிரதியும் அடிக்கலாம். அந்தக் கஷ்டம் தீர்ந்தது. ஆனால் அச்சடிப்பது சுலபமானதும், விற்பது யார் வேலை என்பதையே மறந்துவிட்டார்கள்!

நம் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு பதிப்பாளர் நம்மிடமே பணம் வாங்கி நம் கவிதைகளை அச்சடித்தார். பிறகு கட்டுக்கட்டாக நம் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். கட்டிலுக்கடியில் இடம் போதவில்லை. எழுதினவனே வாங்குகிறவனுமானால் அதற்குப் பிரசுரம் என்று பேர் எதற்கு?

சி.சு. செல்லப்பா காந்தியார் வழிக்காரர். அவர் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்? 1959-ல் 'எழுத்து' தொடங்கி, 1962-ல் 'புதுக்குரல்கள்' என்று புதுக்கவிதைத் தொகுப்பை வெளியிட்டு, புத்தகக் கட்டைத் தாமே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். இன்று புதுக்கவிதையை இகழ்கிறவர்களும் அந்தப் புத்தகத்தைச் சொல்லாமல் அதன் சரித்திரம் எழுதமுடியாது.

சர்க்கார் நூலகம் வாங்கினால் போதாதா என்பார்கள். சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். ஆகவே கவிதையும் வாங்கு என்று கேட்பது பிச்சையல்ல, உரிமை. ஆனால் அந்த உத்தரவு ஒன்றையே நம்பினால், உத்தரவு வராத வருஷம் பிரசுரமும் மூடவேண்டியதுதான். முதலாளி கொடுக்கும் பட்டையும் ஜரிகையையும் எதிர்பார்த்துக் கூலிக்கு நெய்கிறவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும்.

நிற்க, இக்கூட்டத்தில் ஒரு நெசவாளத் தோழர் இருக்கிறார். தறிக்குழியில் கால் வைத்துக்கொண்டே யோசித்து, இரவில் எழுதிய நோட்டுப் புத்தகம் அவரிடம் இருக்கிறது. படித்துப் பார்த்தோம். சில பாட்டுகள் சுமார். கூலியைப் பற்றிய ஏழெட்டு, சென்னையில் பேர் பெற்றவர்களுக்கும் வராது. அவரிடம் காசு கேட்காமல் அதை அச்சிடவேண்டும். நூறு பேர் முன்பணம் கட்டினால் போதும். மேசைமேல் காகிதம் வைத்திருக்கிறோம். முதல் பேர் நம்முடையது. கூட்டம் கலையும் முன் மற்றவர்கள் வந்து எழுதலாம்.