கவ்வாத்துக் கையும் தக்காளிச் செடியும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்க்குக் கவ்வாத்தைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தன் போக்கில் விட்டால் தேயிலை மரமாகிவிடும். 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டப்படுவதாலேயே அது பல கிளை விட்டுப் படர்ந்து, கைக்கெட்டும் உயரத்தில் கொழுந்து தருகிறது.

பதுளை, பசறை, வெலிமடைப் பகுதிகளில் லயத்தருகே சிறு துண்டு நிலம் வாய்த்தவர் அதில் தக்காளி நடுவதுண்டு. ஆங்கே, கவ்வாத்தில் தேர்ந்த கையே பிழை செய்துவிடக்கூடும். தேயிலையை வெட்டுவது கிளைகளைப் பெருக்குவதற்கு. தக்காளியைக் கிள்ளுவது கிளைகளைக் குறைப்பதற்கு. நோக்கம் வேறாதலின் முறையும் வேறாகும்.

தக்காளியில் இருவகை உண்டு. ஒன்று கொடிபோல் ஓயாது நீள்வது. மற்றொன்று ஓரளவு வளர்ந்து நின்று, புதர்போல் விரிந்து காய்ப்பது. புதர்வகைக்குக் கிளைகளே விளைச்சல். அவற்றைக் கிள்ளியெறிபவர் தம் விளைச்சலையே கிள்ளியெறிகிறார். ஆதலால் விதை வாங்கும்போதே வகையைக் கேட்டறிதல் முதற்கடமையாகும்.

நீள்வகைக்கு 5 அல்லது 6 அடி உயரக் கம்பு நாட்டி, தண்டு நெரியாவண்ணம் தளர்வாகக் கட்டுதல் வேண்டும். இலைக்கும் தண்டுக்கும் இடையில் எழும் பக்கத்தளிரை, அது 2 அங்குலம் வளர்ந்த அளவிலேயே, ஈரம் உலர்ந்த காலைப்பொழுதில் விரலால் ஒடித்துவிடலாம். கவ்வாத்துக் கத்தி இங்கு வேண்டா. மண்ணில் வாழும் வாடல் நோய்க் கிருமியைக் கத்தி ஒரு செடியிலிருந்து மறுசெடிக்குக் கொண்டு சென்றுவிடும். புகையிலை தொட்ட கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே செடியைத் தொடுதல் நன்று. புகையிலையிலுள்ள நச்சுயிரி தக்காளியையும் பற்றவல்லது.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மற்றோர் ஆபத்து உண்டு. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சம் விளைவித்த கருகல் நோய் தக்காளியையும் தாக்கும். கிழங்குப் பாத்திகள் நிறைந்த வெலிமடையில் இதனை மறத்தலாகாது. நிலத்தைத் தொடும் கீழிலைகளை அகற்றினால் காற்று புகுந்து ஈரம் விரைவில் உலரும். நோய் முற்றும் ஒழியாவிடினும் அதன் வேகம் தணியும். ஆனால், காய்க்கு நிழல் தரும் இலைகளை அகற்றலாகாது. அகற்றினால் வெயில் பட்டுக் காய் வெளுத்துக் கெடும்.

இவ்வாறு பேணப்படும் செடியில் காய்களின் எண்ணிக்கை குறையக்கூடும். எனினும் அவை பருத்து, முந்திப் பழுத்து, அழுகாமல் கூடையை அடையும். வெட்டத் தெரிந்த கைக்கு எதை வெட்டாது விடுவதென்பதும் தெரிந்துவிட்டால், லயத்துச் சிறு நிலமும் வீட்டுக் கறிக்குப் போக நாலு காசு தரும்.