வலிக்கு அடைத்த வாசல்

(ஆதரவாளர் கூடுகையில் எமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, தீக்காயத்துக்குக் கட்டு மாற்ற ஒரு தாயாரை உள்ளே கொண்டுபோனோம். கட்டைப் பிரிக்கும் நேரம்தான் அவர்களுக்கு மரணவேதனை. மருத்துவர் ஓர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் கண் திறந்தபடியே இருந்தது, வலி தெரியவில்லை, மூச்சு சீராக ஓடியது. அந்த மருந்தின் பெயர் கெட்டமின்.

அது வேலை செய்யும் விதத்தை எங்கள் மருத்துவர்கள் எளிமையாக விளக்கினார்கள். ஒரு நரம்பு இன்னொரு நரம்பை எழுப்ப குளுட்டமேட் என்னும் அமினோ அமிலத்தை அனுப்புகிறது. அஜினோமோட்டோவில் இருக்கிறதே, அதே பொருள்தான். அதைப் பெற்றுக்கொள்ளும் வாசல்களில் ஒன்று என்.எம்.டி.ஏ. ஏற்பி. கெட்டமின் அந்த வாசலுக்குள் புகுந்து அடைத்துக்கொள்கிறது. மற்ற மயக்க மருந்துகள் பல மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்திவிடும். உரிய அளவில் கொடுத்தால் இது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே மயக்க இயந்திரம் இல்லாத, மின்சாரம் நிலையில்லாத சிறிய மருத்துவமனைகளிலும் அறுவை சிகிச்சை நடக்கிறது.

1962-ல் அமெரிக்காவில் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியல் அறிஞர் இதை உருவாக்கினார். 1970-ல் அங்கே அனுமதி கிடைத்தது. 1985-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

போதைக்காக இதைத் தேடுவோரும் உண்டு. அதனால் 2013-ல் நமது அரசு இதை எக்ஸ் அட்டவணையில் வைத்தது. பூட்டி வைத்து, பதிவேட்டில் கணக்கு எழுதுகிறோம். 2015-ல் உலகெங்கும் இதைக் கட்டுப்படுத்தும் யோசனை ஐக்கிய நாடுகள் சபையில் வந்தபோது, ஏழை நாடுகளில் அறுவை சிகிச்சை தடைப்படும் என்று உலக சுகாதார நிறுவனம் மறுத்தது. பூட்டும் வேண்டும்; அலமாரியில் மருந்தும் வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். மயக்கம் தெளிகையில் சிலருக்குக் கெட்ட கனவும் திகிலும் வரும். அப்போது அமைதியான அறையும் பழகிய குரலும் பேருதவி. அன்று நாங்கள் அருகில் உட்கார்ந்திருந்தோம்.

"நான் எங்கே இருக்கிறேன், ஐயா?"

"ஆஸ்பத்திரியில்தான் அம்மா. கட்டு மாற்றியாயிற்று."

"ஆயிற்றா?" என்று கேட்டு அழுதார்கள். வலியால் வந்த அழுகை அல்ல அது.

உங்கள் காணிக்கையில் அந்த ஊசி மருந்தும், அருகில் உட்காரும் தாதியின் சம்பளமும் அடங்கியிருக்கின்றன. இரண்டும் குறைவுபடாதிருக்கத் தொடர்ந்து தாங்குங்கள், எங்களுக்காக ஜெபியுங்கள்.