தொண்டைமானாறு: பெயரிலே நிற்கும் வரலாறு
(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்று பாடசாலையிற் படித்தோம். ஆயினும் நம் ஊரின் பெயரிலே ஆறு இருக்கிறது. வடமராட்சிக் கடலேரி கடலோடு கலக்கும் ஒடுங்கிய நீர்வழியையே நம் முன்னோர் ஆறு என்றனர். அதன் முன்னே நிற்கும் 'தொண்டைமான்' யார்?

ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை விடை தருகிறது. இப்பகுதியில் விளைந்த உப்பை ஏற்றிச் செல்ல மரக்கலங்கள் வரும்படி தொண்டைமான் இந்நீர்வழியை வெட்டுவித்தான் என்பது அதன் கூற்று. அவனே முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனும் கலிங்கத்துப்பரணியின் வீரனுமாகிய கருணாகரத் தொண்டைமான் என்று கொள்வாரும் உளர். கலிங்கப் போருக்கும் வைபவமாலைக்கும் இடையே ஏறக்குறைய 600 ஆண்டுகள் கழிந்துள்ளன. ஆகவே ஐதிகத்தை ஐதிகம் என்றே எழுதுவோம். அதனால் அதன் பெருமை குறையாது. உப்பும் மரக்கலமும் இவ்வூரை வாழவைத்தன என்ற நினைவு அதனுள்ளே இருக்கிறதன்றோ?

இந்த ஆற்றங்கரையிலேதான் செல்வச்சந்நிதி முருகன் எழுந்தருளியுள்ளான். கடற்றொழில் செய்த மருதர் கதிர்காமர் வழிவந்தோர் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்வதும், ஆலிலையில் அமுது படைப்பதும், கதிர்காமப் பாதயாத்திரை இங்கிருந்து புறப்படுவதும் நாமறிந்தவை. ஆனால் கோயில் வரலாறு மட்டும் ஊர் வரலாறாகாது.

ஆற்றின் வாயிலில் உள்ள தடுப்பணையைப் பாருங்கள். மாரி வெள்ளத்தைக் கடலுக்கு விடவும், மற்றக் காலத்தில் உவர்நீர் உட்புகாமல் மறிக்கவும் அமைந்தது அது. 1954இல் எந்திரி எஸ். ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை விளக்கினார். ஆனையிறவுக் கடலேரியின் நன்னீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்குக் கொணர்ந்தால் நிலத்தடி நீர் பெருகும், கிணறுகள் இனிக்கும் என்பது அதன் நோக்கம். திட்டம் நிறைவேறாமலே பல்லாண்டுகள் கழிந்தன. தோட்டக்காரர் நன்னீரை வேண்டுவர்; கடலேரித் தொழிலாளர் இறாலுக்காக உவர்நீரை வேண்டுவர். இந்த இரு பக்கத்து நியாயத்தையும் எழுதினாலன்றோ அது ஊர் வரலாறாகும்?

என் பாட்டனார் அக்கதவுகளைப் பற்றி எத்தனையோ சொல்லியிருப்பார். அவர் இருந்தபோது கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றியபோது அவர் இல்லை. இந்தக் குறை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இன்று பேசுகிறேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் அழிந்தன. 1987இல் வடமராட்சியில் நடந்த போரிலும் பின்வந்த இடப்பெயர்வுகளிலும் வீட்டுப் பெட்டிகளில் இருந்த படங்களும் கடிதங்களும் போயின. எஞ்சியவை முதியோரின் நினைவிலும் சில பழைய உறுதிகளிலுமே உள்ளன. முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

இளைஞர்களே, மூன்று காரியம் செய்வோம். ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் இருந்து கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுவோம். கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துக் குறிப்போம். வள்ளக்காரர், தோட்டக்காரர், மீன் விற்ற பெண்கள் என எவரையும் விடலாகாது. இரண்டாவதாக, வீட்டு உறுதிகளிலுள்ள காணிப் பெயர்களைப் படியெடுப்போம். தரவையும் துரவும் மறைந்த இடங்களை அப்பெயர்களே காட்டும். மூன்றாவதாக, ஒரு படியை மடத்திலும், ஒன்றைப் பாடசாலையிலும், ஒன்றை வெளிநாட்டில் வாழும் நம்மவரிடமும் வைப்போம். ஓரிடத்தில் மட்டும் வைத்ததன் பலனை 1981 நமக்குக் காட்டிவிட்டது.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். 'இதெல்லாம் ஒரு கதையா?' என்று தட்டிக்கழியாதீர்கள். பிள்ளைகள் கொப்பியோடு வந்தால் திண்ணையில் இருத்திச் சொல்லுங்கள்.

வெட்டிய வாய்க்காலும் தூர்வாராவிட்டால் மூடிப்போகும். ஊரின் நினைவும் அப்படியே. சந்நிதியான் துணைநிற்க, அடுத்த ஆண்டு மலரில் அம்முதியோரின் சொற்களைப் படிப்போமாக.